பத்தொன்பது புள்ளி இரண்டு

கித்தோவின் மேற்குச் சரிவில்
வெள்ளையடித்த ஒரு மரப்பெட்டி.
நான்கு கால், சாய்ந்த பலகைச் சுவர்,
உள்ளே இரண்டு வெப்பமானிகள்.
காலை ஏழு, பகல் ஒன்று, மாலை ஏழு:
திறந்து, பார்த்து, பென்சிலால் எழுதுவது என் வேலை.
இருபத்திரண்டு வருடமாக.
பக்கத்தின் அடியில் கையெழுத்து:
டெல்ஃபினா குவாமான்.

பூமியின் அரைஞாண் இங்கிருந்து
ஒரு பேருந்துத் தூரம்.
ஆனாலும் மலை எங்களை இடுப்பில் தூக்கி வைத்திருப்பதால்
வேர்ப்பதில்லை.
ஜனவரி பதினான்கரை.
ஏப்ரல் பதினான்கரை.
ஆகஸ்ட் பதினைந்து, காற்று அதிகம்.
டிசம்பரை நீங்களே சொல்லுங்கள்.

ஹாலந்திலிருந்து வந்த மாணவன் ஒருவன்
பன்னிரண்டு மாதத்தையும் கோடாக வரைந்தான்.
'செத்தவன் நாடிபோல இருக்கிறதே' என்றான்.
நான் கோபிக்கவில்லை.
காலையில் ஸ்வெட்டரோடு வந்தவன்
பதினொன்றுக்கு அதை இடுப்பில் கட்டிக்கொண்டான்,
ஒரு மணிக்கு மூக்கு சிவந்தான்,
மூன்று மணிக்கு என் குடையைக் கேட்டான்,
இரவு இரண்டு கம்பளி போதவில்லையாம்.
தம்பி, நீ மாதங்களை அளந்தாய்.
எங்கள் வருடம்
ஒரே நாளுக்குள் மடித்துவைத்த துணி.
விடிந்தால் இளவேனில், உச்சியில் முதுவேனில்,
பிற்பகல் மலையிறங்கும் கார்,
விளக்கணைத்தால் பின்பனி.
மறுநாள் மறுபடி முதலிலிருந்து.

இவ்வளவும் சொன்னது
ஒரு பொய்யைச் சொல்வதற்காக.

ஒரு மார்ச்சில், ஆண்டைக் கேட்காதீர்கள்,
ஏழு நாள் நான் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை.
ஹசிந்தோவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன்.
கீழ்த்தளம். ஜன்னல் இல்லை.
டியூப்லைட்டுக்கு இரவும் பகலும் ஒன்று.
மாற்று ஆள் கேட்டிருக்கலாம்.
கேட்டால் காரணம் எழுத வேண்டும்,
எழுதினால் அந்த வியாதிக்குப் பெயர் வந்துவிடும்.

தினமும் கேட்பான்:
'வெளியே எப்படி இருக்கிறது?'
'எப்போதும் போல.'
என் தொழிலில் அதைவிடத் துல்லியமான பதில் கிடையாது.

எட்டாம் நாள் திரும்பினேன்.
கறுப்பு உடுப்போடு நின்றபடியே
இருபத்தோரு கட்டங்களை நிரப்பினேன்.
ஒன்பது புள்ளி எட்டு.
பத்தொன்பது புள்ளி இரண்டு.
பன்னிரண்டு.
கை தானாகப் போயிற்று.
இங்கே ஒரு புள்ளி கூட்டி, அங்கே ஒரு புள்ளி குறைத்து:
பொய்க்கும் கொஞ்சம் மேடுபள்ளம் வேண்டுமல்லவா.
தலைமையகம் முத்திரை குத்தியது.
மாதச் சராசரி பதினான்கரை.

பிறகு ரொட்டிக் கடையில் மரூஹா சொன்னாள்:
'அந்த வெள்ளிக்கிழமை ஆலங்கட்டி! பார்த்தாயா?
பகல் ஒரு மணிக்கு, கணுக்கால் ஆழம்.
பேருந்து குறுக்கே சறுக்கி நின்றுவிட்டது.
பிள்ளைகள் தட்டில் அள்ளி
சர்பத் ஊற்றித் தின்றார்கள்.
தெருவெல்லாம் அரிசி மூட்டை அவிழ்ந்த மாதிரி.'

வெள்ளிக்கிழமை, பகல் ஒரு மணி.
அப்போதுதான் அவன் கடைசியாகக் கேட்டது.
இருபது படி ஏறியிருந்தால் போதும்.
ஒரு பிடி அள்ளிவந்து
அவன் உள்ளங்கையில் வைத்திருக்கலாம்.
கொதித்துக்கொண்டிருந்த கை.
ஊரில் அன்று ஏறிக்கொண்டே போன வெப்பமானி
நர்ஸிடம் இருந்தது ஒன்றுதான்.

ரப்பர் இழுப்பறையில் இருக்கிறது.
பலமுறை எடுத்தேன்.
அழித்துவிட்டு எதை எழுதுவது?
பார்க்காத குளிருக்கு எண் கிடையாது.
பேரேட்டில் அந்த வெள்ளிக்கிழமை
இன்னும் இதமாக வெயிலடித்துக்கொண்டிருக்கிறது,
அதற்குள் இருவர்
எப்போதும் போல இருக்கிறார்கள்.

இன்று பகல் ஒரு மணிக்குப் பெட்டியைத் திறந்தேன்.
பத்தொன்பது புள்ளி இரண்டு.
நிஜமாகவே.
மூன்று முறை பார்த்துவிட்டுத்தான்
எழுதினேன்.